காணிக்கையும் கணக்கும்

(நம் கல்விச் சங்க வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்துள்ள தலைப்பு, "கிறித்தவ உக்கிராணத்துவமும் சபைக்குக் கொடுத்தலும்" என்பதாகும். ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இத்தலைப்பு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நம் சங்கத்தில் கிறித்தவர்கள் இருக்கிறார்கள். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்ப்போர் இருக்கிறார்கள். புத்தர் பெருமானை வணங்குவோரும் இருக்கிறார்கள். ஆயினும் இத்தலைப்பு நம் எல்லோருக்கும் உரியதே. நம் மக்கள் தம் கைக்காசைப் போட்டுத் தாமே நடத்தும் முதல் பொது நிறுவனம், பெரும்பாலான சிற்றூர்களில், அவர்களுடைய வழிபாட்டு இடமாகத்தான் இருக்கிறது. அங்கே கொடுக்கக் கற்றுக்கொண்டவனே பின்னர்ச் சங்கத்திற்கும் கொடுக்கிறான். அங்கே கணக்குக் கேட்க அஞ்சுகிறவன், ஊராட்சி மன்றத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்க அஞ்சுகிறான். ஆகவே கிறித்தவ சபையை எடுத்துக்காட்டாக வைத்து நான் பேசினாலும், பிற சமயத்து நண்பர்கள் தத்தம் நிலைக்கு ஏற்பப் பொருத்திக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. கொடுப்பது ஏழைக்கும் உரிய பெருமை. கணக்குக் கேட்பது கொடுத்தவனுக்கு உரிய உரிமை. இவ்விரண்டையும் பிரித்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். உக்கிராணம் என்றால் பண்டசாலை, பொருள்களைச் சேர்த்து வைக்கும் அறை. திருமண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் முதலியவற்றை வைத்துப் பூட்டும் அறையைப் பெரியவர்கள் உக்கிராண அறை என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவ்வறையின் பொறுப்பாளன் உக்கிராணக்காரன். பழைய தமிழ் வேதாகமம் இச்சொல்லையே ஆண்டிருக்கிறது. சாவி அவன் இடுப்பில் இருக்கும்; சரக்கு அவனுடையதன்று. இந்த வேறுபாட்டை உணர்ந்து நடப்பதே உக்கிராணத்துவம்.

ஒரு தலைமையாசிரியனுக்கு இது எளிதில் விளங்கும். 1982ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தின்படி எங்கள் பள்ளியிலும் பிள்ளைகள் நண்பகலில் உணவு உண்கிறார்கள். அரிசி மூட்டை வந்தவுடன் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அன்றாடம் உண்ட பிள்ளைகள் எத்தனை பேர், செலவான அரிசி எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று எழுத வேண்டும். அமைப்பாளர் எழுதியதை நான் சரிபார்க்க வேண்டும். அந்த அரிசி அமைப்பாளருடையதும் அன்று; என்னுடையதும் அன்று. ஆனால் ஒரு பிள்ளை பசியோடு எழுந்து போனால், நாங்கள் இருவரும் பதில் சொல்லியாக வேண்டும். கிறித்தவக் கொள்கையின்படி உலகமே ஒரு பண்டசாலை; உடைமைக்காரர் கடவுள்; நாம் சாவி வைத்திருப்பவர்கள். நம் கூலியும் சம்பளமும் மட்டுமல்ல, நாம் பெற்ற படிப்பும் பதவியும் அப்பண்டசாலைச் சரக்கே.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, என் பெற்றோரின் வாழ்விலிருந்து இரண்டு பாடங்களாகக் கற்றேன். அவற்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நான் ஏரிப் பாசனமுள்ள ஒரு சிற்றூரின் சேரியில் பிறந்தவன். என் தந்தையார் பண்ணையாள். தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் கூலியாள். இருவருக்கும் எழுத்து வாசனை இல்லை. என் தாயார் உலைக்கு அரிசி களையும் முன்னர், ஒரு பிடி அரிசியை எடுத்து, அடுப்பங்கரையில் இருந்த சிறு கலயத்தில் இடுவார். ஞாயிறுதோறும் அதைத் துணியில் முடிந்து சபைக்குக் கொண்டுபோவார். பிடி அரிசிக் காணிக்கை என்று அதற்குப் பெயர். எல்லா வீட்டு அரிசியும் ஒரே கூடையில் விழும். ஆராதனை முடிந்ததும் விற்பார்கள். அப்பணத்தில் எங்கள் சபையின் இரவுப்பள்ளிக்கு மண்ணெண்ணெயும் சிலேட்டும் பலப்பமும் வாங்கினார்கள். பகலில் நான் தொடக்கப்பள்ளிக்குச் சென்றேன் என்றாலும், வாய்ப்பாடு என் மனத்தில் பதிந்தது அந்த இரவுப்பள்ளி விளக்கின் கீழேதான்.

ஒருநாள் இரவு எங்களுக்குக் கஞ்சியே அரைவயிற்றுக்குத்தான் இருந்தது. அன்றும் கலயத்தில் அரிசி விழுந்ததைக் கண்டு, "நமக்கே இல்லாதபோது இது எதற்கம்மா?" என்று கேட்டேன். "கண்ணு, எந்நேரமும் வாங்குகிற கைக்கு, ஒருவேளையாவது கொடுக்கிற ஆசை இராதா?" என்றார் என் தாயார். பண்ணை வீட்டுக் களத்தில் முறத்தை ஏந்தி நின்று நெல் வாங்கிய கை அது. ஊர்த் தெருவில் தண்ணீர் கேட்டால், எட்ட நின்று ஊற்றுவதைக் குவித்து வாங்கிய கை அது. அந்தக் கை கவிழ்ந்து கொடுத்த ஒரே இடம் சபைதான். ஏழையிடம் காணிக்கை கேட்கலாகாது என்று இரக்கத்தோடு சொல்பவர்கள் உண்டு. அவர்கள் என் தாயாரை அறியாதவர்கள்.

இரண்டாவது பாடம் கசப்பானது. 1984ஆம் ஆண்டு, நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு என் தந்தையார் காலமானார். உடலைத் திண்ணையில் கிடத்தியிருந்தோம். அடக்கத்திற்கு ஏற்பாடு செய்யச் சபைக்கு ஆள் அனுப்பியபோது, மாதச் சந்தா பாக்கி இருக்கிறது என்ற பதில் வந்தது. மாதம் இரண்டு ரூபாய் வீதம் பத்தொன்பது மாதம். ஆக 38 ரூபாய். அதைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட உத்தரவு. வேலை கிடைத்த நாளில் என் தாயாருக்குக் கூலி ஐந்து ரூபாய். தந்தையார் படுக்கையில் கிடந்த மாதங்களில் அந்த வேலைக்கும் அவர் ஒழுங்காகப் போகவில்லை. நண்பகல் முதல் மாலை வரையில் உடல் காத்துக் கிடந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. முடிவில் எங்கள் உபதேசியார் தம் சொந்தப் பணத்தைக் கட்டி உத்தரவு வாங்கி வந்தார்.

அன்று என் தாயார் அழுகையினூடே கேட்டது ஒரே கேள்வி: "நான் போட்ட அரிசியெல்லாம் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது?" யாரும் விடை சொல்லவில்லை. சொல்ல முடியாது. பிடி அரிசிக்குப் பெயர் எழுதும் வழக்கமே இல்லை. சந்தாப் பேரேட்டில் எங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே இருந்தது பாக்கி மட்டுமே.

குழுவினர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நானே பின்னாளில் சபைப் பொருளாளராகப் பணியாற்றியவன். ஆயருக்குச் சம்பளம், மின்கட்டணம், ஒழுகும் கூரை என்று செலவுகள் வரிசையில் நிற்கும். வசதியுள்ள சிலரும் ஆண்டுக்கணக்கில் சந்தா செலுத்தாமல் இருப்பார்கள். சாவு வீட்டில் கேட்டால்தான் வருகிறது என்று பழைய பொருளாளர் ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் கெட்டவர் அல்லர், களைத்துப்போனவர். ஆனால் சாவு வீட்டில் கேட்டு வாங்கும் பணம் காணிக்கையாகாது, அது சுங்கம். சுங்கம் செலுத்தியவன் திரும்பக் கொடுக்க விரும்பமாட்டான். அவன் பிள்ளை அந்த வாசலையே மிதிக்கமாட்டான். என் வயதொத்த பலர் அவ்வாறே சபையை விட்டு விலகிப் போனார்கள்.

இதில் வேதாகமம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்போம். லேவியராகமத்தில் பாவநிவாரண பலியைப் பற்றிய சட்டம் இருக்கிறது. ஆடு கொண்டுவர இயலாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதுவும் இயலாதவன் சிறிதளவு மாவு கொண்டுவந்தால் போதும். எவனையும் வெறுங்கையன் என்று தள்ளாத சட்டம் அது. அவனவன் நிலைக்கு ஏற்றவாறு அளவு இறங்கி வருகிறது. குழந்தை இயேசுவுக்காக மரியாளும் யோசேப்பும் தேவாலயத்துக்கு வந்தபோது, ஏழைகளுக்குரிய அந்தப் பறவைப் பலியையே செலுத்தினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். நம் ஆண்டவர் சலுகைக் கட்டணத்தில் பதிவானவர் என்று நான் பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தசமபாகத்தைப் பற்றி மேடைதோறும் கேட்கிறோம். விளைச்சலில் பத்தில் ஒன்று கடவுளுக்குரியது என்பது பழைய ஏற்பாட்டின் முறை. ஆனால் உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை எத்தனை பேர் வாசித்துக் காட்டுகிறார்கள்? மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தை அந்தந்த ஊரிலேயே சேர்த்து வைத்து, நிலமில்லாத லேவியரும், அந்நியரும், திக்கற்ற பிள்ளைகளும், விதவைகளும் உண்ணக் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்ண வேண்டிய பாகத்தை, அவர்களிடமே பாக்கி என்று கேட்பது எந்த நியாயம்?

இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையும் அவ்வாறே. அவளைப்போல் உள்ளதெல்லாம் கொடுங்கள் என்று ஏழைகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்கிறோம். மாற்கு சுவிசேஷத்தில் அக்கதைக்குச் சற்று மேலே உள்ள வரிகளையும் வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்யும் வேதபாரகரை அங்கே இயேசு கண்டிக்கிறார். அடுத்து அவ்விதவை வருகிறாள். அவர் அவளைப் புகழ்ந்தார் என்பது உண்மை. அவளை அந்நிலைக்கு ஆளாக்கியவர்களைச் சும்மா விடவில்லை என்பதும் உண்மை. பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் கொர்பான் வழக்கத்தையும் அவர் அதே கடுமையோடு சாடினார். ஆகவே இளைஞர்களே, வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். மனைவியின் தாலியை அடகு வைத்துப் போடாதீர்கள். தாய்க்கு வாங்க வேண்டிய மருந்துப் பணத்தைப் போடாதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டு, ஒலிபெருக்கியில் பெயர் வந்த மகிழ்ச்சியில் வீடு திரும்பி, அந்த ஆயிரத்துக்குக் கந்துவட்டிக்காரனிடம் போனவரை நான் அறிவேன்.

கொடுத்தல் நம் வரலாற்றில் என்ன செய்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தையொட்டிய காலத்தில், நம் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சபைகளில் சேர்ந்தனர். பள்ளியும் மருந்தும் கஞ்சியும் மிஷனார் வழியாக வந்தன. அந்நன்றியை நாம் மறக்கலாகாது. ஆனால் கடல் கடந்து வரும் பணத்தில் சபை நின்றால், அதிகாரமும் கடல் கடந்தே நிற்கும். 1841 முதல் 1872 வரை சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி வென் என்ற ஆங்கிலேயரே இதை உணர்ந்து, உள்நாட்டுச் சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்று வற்புறுத்தினார். 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டபோது, ஜெர்மானியரான லீப்சிக் மிஷனார் இந்நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களையே நம்பியிருந்த தமிழ்ச் சபைகள் திகைத்து நின்றன. சுவீடன் மிஷனார் கைகொடுத்தனர். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. பிறர் தரும் பணம் எத்துணை நல்ல மனத்தோடு தரப்பட்டாலும், அது ஒருநாள் நின்றுபோகலாம் என்பதற்கு இது சான்று.

இதற்கு மறுபக்கத்தையும் காண்போம். நெல்லைச் சீமையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிருவாகம் என்பதே அச்சங்கத்தின் அடிப்படை. அதன் ஊழியக்களம் தெலுங்கு நாட்டிலிருந்த டோர்னக்கல். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேல்நாட்டுப் பெரியோர் நிறைந்த அவையில் எழுந்து, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், ஆனால் எங்களுக்கு நண்பர்களாகவும் ஆகுங்கள் என்ற கருத்தை அவர் துணிந்து எடுத்துரைத்தார். வாங்குபவனாகவே இருக்கும்வரை எவனும் நண்பனாக முடியாது என்பதை உணர்ந்த பேச்சு அது. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்த அவர், கிறித்தவர் கொடுத்தலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அவருடைய டோர்னக்கல் சபையார் யார் தெரியுமா? பெரும்பாலோர் மாலர், மாதிகர். நம்மைப்போல் நிலமற்ற உழைப்பாளிகள். அத்தகைய ஏழைகளைக் கொண்டே தன்மானமுள்ள சபையைக் கட்ட முடியும் என்று அவர் நம்பினார்.

என் தாயாரின் பிடி அரிசி மிசோரம் மலைகளிலும் உண்டு. அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் சபையின் பெண்கள், சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கத்தை 1910 முதல் கைக்கொண்டு வருகின்றனர். அச்சபையின் முக்கிய வருவாய்களுள் அதுவும் ஒன்று. நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிடி அரிசி 50 கிராம் என்று கொள்வோம். நாளுக்கு ஒரு பிடி என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. அறுபது வீடுகளுள்ள ஒரு சேரியில் மாதம் 90 கிலோ. ஆண்டுக்கு 1,080 கிலோ, அதாவது ஒரு டன்னுக்கு மேல். நாம் ஏழைகள்தாம், ஆனால் ஒன்றுசேர்ந்தால் ஒன்றுமில்லாதவர்கள் அல்லோம்.

இவ்வளவும் கொடுப்பதைப் பற்றி. இனிக் கணக்கைப் பற்றி.

எருசலேமிலிருந்த ஏழைச் சபையாருக்காகப் பவுல் அடிகள் பல ஊர்களில் காணிக்கை சேர்த்தார். அவர் வகுத்த முறையைக் கவனியுங்கள். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்க வேண்டும். மனம் நொந்தோ வற்புறுத்தலுக்காகவோ கொடுக்கலாகாது. ஒருவனிடம் இல்லாததைக் கடவுள் கேட்பதில்லை, உள்ளதற்கேற்பவே ஏற்கிறார். சேர்ந்த பணத்தைத் தாமே எடுத்துச் செல்ல அவர் எண்ணவில்லை. சபையார் நம்பித் தேர்ந்தெடுத்தவர்களே கொண்டுபோக வேண்டும் என்றார். இவ்வளவு பெருந்தொகையைக் கையாளுவதில் யாரும் குறைகூற இடமிருக்கலாகாது என்று எழுதினார். அப்போஸ்தலனே தனியாகப் பணத்தைத் தொட அஞ்சினார் என்றால், நம் சபைப் பொருளாளரிடம் கணக்குக் கேட்பது எப்படி அவமதிப்பாகும்?

யோவாஸ் அரசன் காலத்து நிகழ்ச்சியும் உண்டு. தேவாலயத்தைப் பழுதுபார்க்க மக்கள் கொடுத்த பணம் ஆண்டுகள் பல கடந்தும் வேலைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டு வைத்தனர். பெட்டி நிறைந்ததும், அரசனின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் ஆகிய இருவரும் சேர்ந்து எண்ணிக் கட்டினர். பிறகே தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி போயிற்று. இருவர் எண்ணுவது என்னும் விதி அத்துணைப் பழமையானது.

கணக்கு என்றால் பணக்கணக்கு மட்டுமன்று. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும், கந்தையணிந்தவனுக்குத் தரையும் காட்டும் சபையை யாக்கோபு கண்டித்து எழுதினார். நம் நாட்டிலோ மோதிரத்துக்குப் பதில் சாதி. காணிக்கைப் பையில் எல்லோருடைய காசும் ஒன்றாய்க் கலக்கிறது. ஆனால் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாய்ப் பிரிகிறது. காசுக்குத் தீட்டு இல்லை, உடலுக்கு உண்டு என்றால், அந்தக் காணிக்கையைக் கடவுள் எந்த ஏட்டில் வரவு வைப்பார்? கொடுக்கும் நாம் இதைக் கேட்க வேண்டும். கொடுக்காதவன் கேட்டால் வாயை அடைத்துவிடுவார்கள். ஒழுங்காகக் கொடுப்பவன் கேட்டால் விடை சொல்லியாக வேண்டும்.

நம் சங்கத்தையே பாருங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுகிறோம். தணிக்கை செய்த கணக்கை வைக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகள் இச்சங்கம் நிலைத்ததற்கு நம் பேச்சுத் திறன் காரணமன்று. பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் இரசீது கிடைத்தது, அதுவே காரணம். சட்டம் கேட்பதால் சங்கத்தில் செய்வதை, மனச்சான்று கேட்பதால் சபையிலும் செய்யலாமன்றோ?

ஆகவே நடைமுறையில் ஐந்து வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, காணிக்கையை அன்றே, சபையார் முன்னிலையில், குறைந்தது இருவர் எண்ணிக் கையொப்பமிட வேண்டும். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் வேண்டும்.

இரண்டாவது, மாத வரவு செலவை எளிய தமிழில் எழுதிச் சபை வாசலில் ஒட்ட வேண்டும். எழுத்தறியாத தாய்மாருக்காக அதை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, பாக்கிதாரர் பெயரைச் சபையில் படிக்கலாகாது. சாவு வீட்டிலும் திருமண வீட்டிலும் பாக்கி கேட்கலாகாது. ஆறு மாதம் சந்தா வராத வீட்டுக்கு, பேரேட்டை வைத்துவிட்டு வெறுங்கையோடு சென்று, என்ன துன்பம் என்று விசாரிக்க வேண்டும். அந்த வீட்டில் நோயாளி இருக்கலாம்.

நான்காவது, பிடி அரிசியையும், சபைக்காகச் செய்த கூலியில்லா உழைப்பையும் கணக்கில் எழுத வேண்டும். சுவருக்கு மண் சுமந்த பெண்ணும் கொடையாளியே.

ஐந்தாவது, நாம் சபைக்குத் தசமபாகம் கொடுக்கிறோம். சபையும் தன் வருவாயில் பத்தில் ஒன்றை நம் பிள்ளைகளின் கல்விக்குக் கொடுக்க வேண்டும். இதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் நிலையை இந்துக்களுக்கு மட்டுமே அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான நம் மக்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மாநில அரசு சில கல்வி உதவிகளை அளித்தாலும், ஒரே சேரியில், ஒரே துன்பத்தில் வளரும் இரு பிள்ளைகளுள் ஒருவனுக்குக் கிடைக்கும் உரிமை மற்றவனுக்கு இல்லை. அவ்வுரிமைக்காகப் போராடுவது ஒருபுறம் இருக்கட்டும். தீர்ப்பு வரும்வரை அப்பிள்ளையின் தேர்வுக் கட்டணம் காத்திருக்குமா? அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விச் சங்கத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். உரிமைப் போராட்டமும் கல்விப் பணியும் அவருக்கு இரு வேறு வேலைகளாக இருக்கவில்லை.

மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். கூலிக்குச் செல்லும் தாய் ஒரு பிடி கொடுத்தால் அது அவள் உணவின் ஒரு பகுதி. நமக்குப் பத்தில் ஒன்று என்பது தொடக்கமே. நகரில் வீடு கட்டிக் குடியேறியதும் சேரியின் முகவரியை மறந்துவிடும் அரசு ஊழியர்கள் நம்முள் பலர். நம் படிப்புக்கு எண்ணெய் ஊற்றியவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வள்ளுவப் பெருந்தகை ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை வேறோர் அதிகாரமாகவும் வைத்தார். இல்லாதவனுக்கு இடுவது ஈகை. ஊரோடு ஒத்து, நம்மால் இயன்றதை ஊருக்குச் செய்வது ஒப்புரவு. படித்த இளைஞன் தன் சேரிக்குச் செய்ய வேண்டியது ஈகையன்று, ஒப்புரவே.

முடிக்குமுன், அந்த 38 ரூபாய் என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். பி.ஏ., பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் பணியேற்று, முதற் சம்பளம் வாங்கியதும், ஓய்வு பெற்றிருந்த உபதேசியாரைத் தேடிச் சென்றேன். பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எனக்குத் தராதே, தம்பி. உன் தாயின் அரிசிக்குக் கணக்கு எழுது" என்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். நாளுக்கு 50 கிராம் வீதம் ஆண்டுக்குப் பதினெட்டேகால் கிலோ. என் தாயார் இருபது ஆண்டுகள் இட்டது 365 கிலோ. எழுபத்தைந்து கிலோ மூட்டையில் ஏறத்தாழ ஐந்து மூட்டை. ஐந்து மூட்டை அரிசி கொடுத்த வீட்டை, 38 ரூபாய்க்குக் கடன்பட்ட வீடு என்று ஒரு பேரேடு சொல்லிற்று. அந்தக் காகிதத்தை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவ்வளவா கொடுத்தேன்?" என்று கேட்டுச் சிரித்தார். எழுந்து போய் அன்றைய உலைக்கு அரிசி அளந்தார். முதற்பிடியைக் கலயத்தில் இட்டார்.

அந்த 38 ரூபாயை நம் சேரிப் பிள்ளை ஒருவனின் தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தொடங்கியபோது நான் உறுப்பினனானதும் அந்தக் கடனை எண்ணியே. கொடுங்கள்; கொடுத்ததை எழுதி வையுங்கள்; எழுதியதைக் கேளுங்கள். இம்மூன்றையும் செய்யும் மக்களை இனி எவரும் இரப்போர் என்று அழைக்க முடியாது.